ஹரிமதியின் வெள்ளைச் சேலை

ரூத் எங்கள் வீட்டு மணியை அடித்தபோது யோகராஜா அண்ணை குசினியில் மீன் டின் உடைத்துக்கொண்டிருந்தார். ரூத் என்பவர் தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருகிற சுவிஸ்காரி. இளம் வயதில் வங்காளத்தில் சில வருடம் இருந்தவர். அதனால் எங்களைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர். வங்காளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே எவ்வளவு கடலும் கரையும் கிடக்கிறது என்று நாங்கள் பலமுறை விளக்கிப் பார்த்துவிட்டோம். தலையாட்டுவார். அடுத்த கிழமை வந்து, உங்களிடம் கடுகெண்ணெய் இருக்கிறதா என்று கேட்பார்.

அன்றைக்கு அவருக்குப் பின்னால் படியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஒல்லியான மனிதர். உச்சியில் கொண்டை, நெஞ்சுவரை தாடி, பல நிறத் துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த நீளமான அங்கி. தோளில் ஒரு சுரைக்குடுக்கை, அதிலே ஒரே ஒரு தந்தி. மற்றவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். கரையில்லாத வெள்ளைச் சேலை, அதற்கு மேலே யாரோ கொடுத்த கம்பளிச் சட்டை. கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. மூக்கு நுனியிலிருந்து நெற்றிவரை வெள்ளை மண்ணால் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

“இவர்கள் பாவுல்கள்,” என்றார் ரூத். அந்தச் சொல்லை நாங்கள் அன்றுதான் முதலில் கேட்டோம். வங்காளத்தில் ஊர் ஊராய்ப் பாடித் திரிகிறவர்களாம். வீட்டு வாசலில் நின்று பாடி, ஒரு பிடி அரிசி வாங்கி அன்றன்றைக்குச் சமைப்பார்களாம். கோயில் இல்லை, விக்கிரகம் இல்லை, சாதி இல்லை. இந்த உடம்புதான் கோயில், அதற்குள்ளே ஒரு மனுஷன் ஒளிந்திருக்கிறான், அவனைத் தேடுவதுதான் அவர்களுடைய வேலை. ஆணின் பெயர் கோகுல், பெண் ஹரிமதி. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அவர்களுடைய கச்சேரி. ஹோட்டலில் விட்டால் எங்கு திரும்பினாலும் சீஸ் மணக்கிறதாம். இரண்டு நாளாய்ப் பாணும் வெறுந்தேத்தண்ணியும்தான். திங்கட்கிழமை வரை உங்களோடு வைத்திருக்க முடியுமா என்று ரூத் கேட்டார்.

“சோறு தின்னுற சனத்தைப் படியில நிக்கவைச்சு என்ன கேள்வி,” என்று தமிழில் சொன்னார் யோகராஜா அண்ணை. பிறகு ரூத்துக்காக, “யா, யா,” என்றார்.

எனக்கு அந்த வீட்டில் உறவு ஒன்றுமில்லை. ஹோலில் ஒரு மெத்தை போட்டு வாடகைக்குப் படுத்த ஆள். பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். வீட்டில் கொஞ்சம் இங்கிலீசு தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஹரிமதிக்கும் வெளிநாடுகளில் பாடித் திரிந்ததில் கொஞ்சம் இங்கிலீசு ஒட்டியிருந்தது. ஆகவே அவர்கள் போகும்வரை எனக்கு வாய் ஓயவில்லை.

விருந்தாளிகள் சப்பாத்துக் கழற்றுவதற்குள் குசினியில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எழுதியவர் அண்ணையின் மனைவி சுமித்ரா அக்கா.

“பாவம், மனுசன் செத்துப்போட்டார்போல. வெள்ளை உடுத்திருக்கிறா. அந்தத் தாடிக்காரர் தமையனாக்கும்.”

“தமையன்தான்,” என்றார் அண்ணை. “முகச்சாடையைப் பாரன். தனிய விடாமல் கூடவே கூட்டிக்கொண்டு திரியிறான். நல்ல சகோதரம்.”

தாடிக்குள்ளே எந்த முகச்சாடையைக் கண்டாரோ தெரியாது. ஆனால் சொன்னதோடு நிற்காமல் உடனே ஏற்பாடும் செய்தார். கோகுலுக்கு ஹோலில் என் மெத்தைக்குப் பக்கத்தில் இடம். ஹரிமதிக்குச் சின்ன அறையில், செல்வராணியக்காவோடு.

அந்த வீட்டின் சங்கடம் செல்வராணியக்காதான். அவர் அண்ணையின் தங்கை. அவருடைய கணவர் நித்தியானந்தன் காங்கேசன்துறைப் பக்கம் மினிபஸ் ஓட்டியவர். எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆளை இறக்கிக்கொண்டு போனார்கள். பஸ் திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன், ஆள் முடிந்துவிட்டார் என்றான். இன்னொருவன், இல்லை, தெற்கில் ஒரு மறியற்சாலையில் கண்டேன், காலில் காயம், ஆனால் இருந்து சோறு சாப்பிட்டார் என்றான். நித்தியானந்தனின் தாய் முதலாமவனை நம்பிக் கீரிமலையில் செத்தவருக்குரிய கிரியை எல்லாம் செய்து முடித்தார். செல்வராணியக்கா இரண்டாமவனை நம்பித் தாலியோடும் பொட்டோடும் சுவிசில் வந்து இறங்கினார்.

நாங்கள் இருந்த பீல் நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் அது. யாருக்காவது பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு, யாருக்காவது கலியாண எழுத்து என்றால் எல்லோரும் ஒரே அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்போம். குங்குமத் தட்டோடு வருகிறவருடைய கை செல்வராணியக்காவிடம் வந்ததும் ஒருமுறை தயங்கும். கொடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைச் சுளிப்பார். தாண்டிப் போனால் இவருடைய முகம் வாடும். பார்த்துக்கொண்டு நிற்கிற நாங்களே வேறு பக்கம் திரும்பிவிடுவோம். கூடப்பிறந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அதனால்தான் அண்ணை முடிவெடுத்தார். ரெனான் என்ற ஊரில் ஓர் உணவகத்தில் வேலை செய்த தங்கராஜா என்பவர், எல்லாம் தெரிந்துகொண்டே, செல்வராணியைக் கட்டச் சம்மதம் என்று சொல்லியனுப்பியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் முதல் கதையை முடிக்காமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நித்தியானந்தனுக்கு அந்தியேட்டி, செத்தவருக்குச் செய்கிற கடைசிக் கிரியை. பேர்ணிலிருந்து கனகசபை ஐயா வந்து செய்விப்பார். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும் செல்வராணியக்கா தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும். செல்வராணியக்கா இதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “அவர் இருக்கிறார்,” என்று மட்டும் சொன்னார். பக்கத்து அறையில் இருக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இப்படி வெடிக்கக் காத்திருந்த வீட்டுக்குள்தான் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து இருந்தார்.

சுமித்ரா அக்கா மரியாதைக்காக மீன்குழம்பை ஒளித்துவிட்டுப் பருப்பும் முட்டைக்கோவாவும் சமைத்தார். ஹரிமதி சாப்பிட உட்கார்ந்ததும் மூக்கை உயர்த்தி இரண்டு தரம் இழுத்தார். எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து, மூடி வைத்திருந்த சட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். “ஃபிஷ்,” என்றார் மிகவும் திருப்தியாக. கோகுல் கையை நீட்டினார். சுமித்ரா அக்காவுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. டின் மீனில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர்களை நான் அதற்குப் பிறகு காணவில்லை.

அண்ணைக்கு மட்டும் மனதில் வேறு கணக்கு ஓடியது. தங்கச்சிக்குக் குழம்பு ஊற்றியபடி மெதுவாகத் தொடங்கினார்.

“பாத்தனியே ராணி, அந்த மனுசியை. வெள்ளை உடுத்துக்கொண்டு நாடு நாடாய்ப் போறா. பாடுறா, சிரிக்கிறா, வடிவாய்ச் சாப்பிடுறா. ஆர் என்ன சொல்லுகினம்? நடந்ததை நடந்தது எண்டு ஏற்றுக்கொண்டால் மனுசருக்கு ஒரு நிம்மதி.”

செல்வராணியக்கா தலையைத் தூக்கவில்லை. “ஓம் அண்ணை, வடிவாய்த்தான் சாப்பிடுறா,” என்றார்.

மறுநாள் காலை அண்ணையின் எடுத்துக்காட்டு உடைந்தது. நான் எழும்பியபோது ஹோலில் ஜன்னலோரம் கோகுல் கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹரிமதி முழங்காலில் நின்று அந்த நீளமான முடிக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். இடையிடையே குனிந்து காதுக்குள் ஏதோ சொல்ல, தாடிக்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். தேத்தண்ணியோடு வந்த சுமித்ரா அக்கா அதைப் பார்த்துவிட்டு அப்படியே குசினிக்குத் திரும்பினார்.

“உது சகோதரம் இல்லை,” என்றார். “நான் கண்ணால கண்டனான். குமார், போய் என்ன முறை எண்டு கேளும்.”

முறை கேட்பது எங்கள் சனத்துக்குச் சுவாசிப்பது மாதிரி. நானும் ஆவலை அடக்க முடியாமல்தான் நின்றேன். புட்டும் முட்டைப்பொரியலும் மேசைக்கு வந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஹரிமதியிடம் கேட்டேன். உங்களுடைய கணவர்? அவர் கோகுலைக் காட்டினார். அப்படியென்றால் ஏன் வெள்ளை உடுக்கிறீர்கள் என்றேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு ஒரே வரியில் பதில் சொன்னார்.

“என்னவாம்?” என்றார் சுமித்ரா அக்கா.

“தான் செத்துப்போனவவாம்.”

“அப்ப அவர்?”

“அவரும் செத்துப்போனாராம்.”

கோகுல் புட்டைக் குழைத்தபடி ஆமென்று தலையாட்டினார்.

“காலமை வெள்ளன உதென்ன கதை?” என்றார் அண்ணை. “வடிவாய்க் கேளும் தம்பி.”

நான் கேட்கக் கேட்க ஹரிமதி சொல்லிக்கொண்டு போனார். பாதி சொல்லால், பாதி கையால். அவர்களுடைய வழியில் துறவு எடுக்கிறவர்கள் முதலில் உயிரோடு இருந்தபடியே சாக வேண்டும். குருவுக்கு முன்னால் இரண்டு பேரும் தங்களுக்குத் தாங்களே செத்தவீடு செய்துகொண்டார்கள். பழைய உடுப்பு, பழைய பெயர், ஊர், சாதி எல்லாம் அன்றோடு முடிந்தன. குரு வெள்ளைத் துணி கொடுத்தார். அது பிணத்துக்குப் போடுகிற துணி. அதைத்தான் உடுத்திருக்கிறார்.

“அப்ப அது தாலி அறுத்த வெள்ளை இல்லையோ?” என்றார் சுமித்ரா அக்கா.

“இல்லையாம். தானே செத்தாப் பிறகு தான் எப்பிடி விதவையாகிறது எண்டு கேக்கிறா.”

யோகராஜா அண்ணை முட்டைப்பொரியலை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “நாளைக்கு இந்த மனுசன் உண்மையாய்க் கண்ணை மூடினால்?”

“பாடுவாவாம்.”

“அழமாட்டாவோ?”

“அழுவாவாம். அழுகையும் பாட்டும் ஒரே தொண்டையாலதானே வருகுது எண்டு சொல்லுறா.”

“பிள்ளையள்?” இது சுமித்ரா அக்கா.

“இல்லையாம். செத்த ஆக்களுக்கு ஏது பிள்ளை எண்டு சிரிக்கிறா.”

“கடவுளைக் கும்பிடுறவையோ இல்லையோ?”

இதற்குக் கோகுல் தானே பதில் சொன்னார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார், பிறகு அதே கையை நீட்டி அண்ணையின் நெஞ்சிலும் வைத்தார். அண்ணைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கையைத் தட்டிவிடவில்லை.

அதுவரை தேத்தண்ணிக்குள் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்த செல்வராணியக்கா முதல்முறையாக வாய் திறந்தார். “அவவின்ர செத்தவீட்டில ஆர் அழுதது எண்டு கேளும் குமார்.”

கேட்டேன். ஹரிமதி அவரைப் பார்த்தே சொன்னார்.

“தாய் அழுதவவாம். தானும் நல்லாய் அழுதவவாம். அழுது முடிச்சுப்போட்டு, பந்தி பரிமாற ஆள் காணாதெண்டு தானே எழும்பிப்போய் எல்லாருக்கும் சோறு போட்டவவாம்.”

செல்வராணியக்கா பல் தெரியச் சிரித்தார். அண்ணையும் சுமித்ரா அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் கச்சேரி. மண்டபம் நிறையச் சுவிஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் கேட்க வந்தவர்கள்போல அசையாமல் இருந்தார்கள். கோகுல் இடுப்பில் சின்னப் பறையும் காலில் சதங்கையும் கட்டிக்கொண்டு ஒற்றைத் தந்தியை மீட்டியபடி சுழன்றார். வீட்டில் மீன் கேட்ட ஹரிமதியா இது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மண்டபத்து முகட்டில் போய் முட்டியது. தேகம், மனம், மனுஷன், பிரேமம் என்று தெரிந்த சொற்கள் நடுநடுவே வந்து விழுந்தன. தெரியாத ஊர்ச் சந்தையில் சொந்தக்காரரைக் கண்டமாதிரி இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ரூத் ஜெர்மனில் பொருள் சொன்னார். ஒரு பாட்டு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆற்றுக்கு நடுவே ஒருத்தி அடுப்பு மூட்டியிருக்கிறாள். மீன்கள் அதைச் சுற்றி வந்து குளிர் காய்கின்றன. வலைக்காரன் கரையில் நின்று பசியோடு பார்க்கிறான்.

யோகராஜா அண்ணைக்கு அது விடுகதையாகப் போய்விட்டது. பஸ்ஸில் வீடு வரும்வரை விடவில்லை.

“அடுப்பெண்டால் வயிறு. ஆறு, இந்தச் சீவியம். வலைக்காரன் யமன்தான், வேற ஆர்? ஆனால் அவன் ஏன் தம்பி பசியோட நிக்க வேணும்? வலையைப் போட்டால் முடிஞ்சுதே.”

“மீன் அவனுக்குப் பயப்பிடேல்ல,” என்றார் முன் சீற்றிலிருந்த செல்வராணியக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “அதுதான்.”

அண்ணை யோசித்தார்.

சனிக்கிழமை எங்களுடைய தோய்ப்பு நாள். சுவிசில் ஒரு கட்டடத்துக்கு ஒரு தோய்ப்பறை, நிலத்துக்கு அடியில். சாவி முறைப்படி வீடுவீடாய்ச் சுற்றி வரும். வந்த அன்றைக்குத் தோய்க்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை ஊத்தை உடுப்புத்தான். செல்வராணியக்கா ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்தார். பகல் முழுக்கக் கரட்டும் கிழங்கும் சீவுகிற வேலை. கிழமைக்கு ஒரு குவியல் ஏப்ரன் சேரும். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். ஹரிமதியும் தங்களுடைய மூட்டையோடு வந்தார், கூடவே எனக்கு மொழிபெயர்ப்பு வேலையும் வந்தது.

ஹரிமதி மூட்டையை அப்படியே மெஷினுக்குள் கொட்டினார். செல்வராணியக்கா ஏப்ரன்களைப் போட்டுக் கதவைச் சாத்தினார். மெஷின் நின்று கதவைத் திறந்தபோதுதான் கோகுலின் ஒட்டு அங்கியும் உள்ளே போயிருந்தது தெரிந்தது. வெள்ளைச் சேலை ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, ஒரு பக்கம் மஞ்சள், நடுவிலே ஒரு நீலத் தேமல். ஏப்ரன்களும் அதே கோலம்தான்.

செல்வராணியக்கா தலையில் கை வைத்தார். “ஐயோ, துறவிச் சேலையை நாசமாக்கிப்போட்டன். மன்னிக்கச் சொல்லிக் கேளும் குமார்.”

ஹரிமதி சேலையை விரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவர் சொன்னதை மாற்றினேன். “அவர் எப்பவும் தன்ர நிறத்தை இவவில ஒட்டாமல் விடமாட்டாராம். உயிரோட இருந்த காலத்திலயும் அப்பிடித்தானாம்.”

இரண்டு பெண்களும் கொடியில் உடுப்பை விரிக்கத் தொடங்கினார்கள். கவ்விகளை வாயில் வைத்துக்கொண்டே செல்வராணியக்கா கேட்டார். “உள்ளுக்க இருக்கிற மனுஷனைத் தேடுறம் எண்டு பாடுறா. கண்டவவோ?”

“கண்டிருந்தால் பிறகு ஏன் பாடித் திரியிறன் எண்டு கேக்கிறா.”

“காணாத ஆளை இருக்கிறார் எண்டு எப்பிடிச் சொல்லுறா?”

ஹரிமதி ஏப்ரன் ஒன்றை உதறி விரித்துவிட்டுத்தான் சொன்னார். “தேடுறதை நிப்பாட்டினால் நெஞ்சு வெறுமையாய்ப் போகுதாம். தேடினால் நிறையுதாம். தனக்கு வேற சாட்சி இல்லையாம்.”

செல்வராணியக்கா கையிலிருந்த துணியை விரிக்காமல் நின்றார். பிறகு சொல்லத் தொடங்கினார். மினிபஸ்ஸில் தொடங்கி, முகாமிலிருந்து வந்த இரண்டு பேர், மாமியார், கீரிமலை, குங்குமத் தட்டு, நாளைக்கு ஏரிக்கரையில் நடக்கப்போவது எல்லாம் சொன்னார். அந்த வீட்டில் இருந்த காலத்தில் அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. நான் வியர்க்க வியர்க்க மாற்றிச் சொன்னேன். சில இடங்களில் இங்கிலீசு வரவில்லை.

ஹரிமதி ஏதாவது புத்தி சொல்வார் என்று நினைத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உங்கட மனுசனுக்கு என்ன சாப்பாடு விருப்பம் எண்டு கேக்கிறா அக்கா.”

செல்வராணியக்காவின் முகம் மலர்ந்தது. “கூழ். ஒடியல் கூழ். விளைமீன் தலை போட்டு, நண்டு போட்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை போட்டு, உறைப்பு மூக்கால வழிய வேணும் அவருக்கு. பிலாவிலையில கோலிக் குடிப்பார். நான் காய்ச்சினால் ஒரு பிலா காணாதெண்டு சட்டியோட தூக்குவார்.” ஒடியல் மாவு என்றால் பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிறது என்று நான் விளக்குவதற்குள் என் இங்கிலீசு தீர்ந்துவிட்டது. ஹரிமதி விடுவதாயில்லை. எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், புளி எப்போது விட வேண்டும், தலையை முழுதாகப் போடுவதா பிளந்து போடுவதா என்று துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் கவிழ்த்துவைத்த வாளியில் தாளம் போட்டு, முதல்நாள் பாடிய அடுப்புப் பாட்டையே மெதுவாகப் பாடினார். செல்வராணியக்கா கூடவே முணுமுணுத்தார். கீழ்வீட்டு ஃப்ராவ் கேர்பர், மதிய அமைதி நேரத்தில் யார் சத்தம் போடுகிறது என்று கதவைத் திறந்து பார்த்தார். நிறம் பிடித்த ஏப்ரன்களைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை பனிப்புகார் ஏரியை மூடியிருந்தது. ஒக்டோபர் வந்தால் பீலில் அப்படித்தான், மலை அடிவாரத்தில் புகார் படுத்துவிட்டால் எழும்பாது. கனகசபை ஐயா நீளக் காற்சட்டைக்கு மேலே வேட்டியும் அதற்கு மேலே ஓவர்கோட்டும் போட்டு வந்திருந்தார். ஊரில் செத்தவீடுகளில் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகம் பாடியவர். குருக்கள் இல்லாத நாட்டில் அவர்தான் எங்களுக்குக் குருக்கள். வாழையிலைக்குப் பதிலாக வெள்ளித்தாள். தர்ப்பைக்குக் கரையோரத்து நாணல். கறுப்பு எள்ளு கேட்டபோது கடைக்காரப் பெண் கருஞ்சீரகத்தைத் தூக்கிக் காட்டியதால் வெள்ளை எள்ளுத்தான் வாங்கினோம். “காணும், காணும், மனசுதான் முக்கியம்,” என்றார் ஐயா. பிண்டச் சோற்றை வைத்ததும் நாலைந்து அன்னங்கள் கரைக்கு வந்து கழுத்தை நீட்டின. சுமித்ரா அக்கா அவற்றைக் குடையால் விரட்டினார்.

ஹரிமதியும் கோகுலும் கொஞ்சம் தள்ளி ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஹரிமதி அந்த மூன்று நிறச் சேலையைத்தான் கட்டியிருந்தார்.

ஐயா யோகராஜா அண்ணையைத் தெற்குப் பார்த்து இருத்தி விரலில் நாணலை மாட்டினார். உள்ளங்கையில் எள்ளை வைத்தார். பிறகு செல்வராணியக்காவிடம் திரும்பினார்.

“செத்தவரின்ர பேரும் நட்சத்திரமும் சொல்லு பிள்ளை.”

“செல்வராணி. பூரட்டாதி.”

“உன்ர பேரைக் கேக்கேல்ல பிள்ளை.”

“விளங்குது ஐயா. எனக்குத்தான் செய்யச் சொல்லுறன்.”

குடையை ஓங்கியபடி சுமித்ரா அக்கா அப்படியே நின்றுவிட்டார். கனகசபை ஐயா வாங்குப் பக்கம் பார்வையைத் திருப்பினார். “உந்த ஆக்கள் சொல்லித்தந்த வேலையோ உது?”

“அவ ஒண்டும் சொல்லித்தரேல்ல. கூழ் எப்பிடிக் காய்ச்சிறது எண்டுதான் கேட்டவ.” செல்வராணியக்கா ஐயாவை நேரே பார்த்துச் சொன்னார். “ஐயா, எங்கட சனத்துக்கு ஒரு செத்தவீடு வேணும். அவர் செத்ததெண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைச் செய்ய ஏலாது. நான் சம்மதிச்சு நிக்கிறன், எனக்குச் செய்யுங்கோ. செத்தவளுக்குக் குங்குமம் நீட்டுறதோ விடுறதோ எண்டு இனி ஒருத்தரும் யோசிக்கத் தேவையில்லை.”

“உதுக்கு விதி இல்லைப் பிள்ளை.”

“விசர்க்கதை கதையாதை ராணி,” என்றார் யோகராஜா அண்ணை.

“அண்ணை, நீங்கள் என்ர நன்மைக்குத்தான் செய்யிறியள். எனக்குத் தெரியும். ஒரு தரம் இறையுங்கோ. பேரைச் சொல்லி இறையுங்கோ. பிறகு நீங்கள் சொல்லுறதெல்லாம் நான் கேக்கிறன். ரெனானுக்கு வா எண்டால் வாறன்.”

சொல்லிவிட்டு அண்ணைக்கு முன்னால் ஈர மணலில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். அண்ணை எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். வீம்பும் கோபமும் சேர்ந்து அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. செம்பை எடுத்தார். எள்ளு இருந்த கையைத் தண்ணீருக்கு மேலே சரித்தார்.

“செல்வராணி...” என்று தொடங்கினார்.

அதற்கு மேலே போகவில்லை. மறுபடியும் தொடங்கினார். உதடு மட்டும் அசைந்தது. செல்வராணியக்கா கண்ணிமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியில் பொட்டோடு, குளிரில் மூக்குச் சிவந்து, மூச்சு வெள்ளைப் புகையாய் வந்துகொண்டிருக்க. செம்புத் தண்ணீர் தளும்பி அண்ணையின் வேட்டியை நனைத்தது. அவர் அழுது நாங்கள் கண்டதில்லை. சின்னப்பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார்.

“என்னால ஏலாது ராணி. கண்ணுக்கு முன்னால இருக்கிறாய். உயிரோட இருக்கிற ஆளுக்கு எப்பிடி நான் எள்ளுத் தண்ணி இறைக்கிறது?”

“அதைத்தான் அண்ணை நானும் மூண்டு வரிசமாய்ச் சொல்லுறன்.”

விரட்ட ஆளில்லாததால் அன்னங்கள் கரையேறி வந்து பிண்டச் சோற்றைக் கொத்தத் தொடங்கின. யோகராஜா அண்ணை கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலிலிருந்த நாணலைக் கழற்றினார். கையில் ஒட்டியிருந்த எள்ளை ஒன்றும் சிந்தாமல் வழித்து, திரும்பப் பைக்குள் போட்டார்.